உஷார்! டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டம்

மழைக்காலம். மூன்று நாளாக அனலாய்க் கொதித்த பிள்ளைக்கு நாலாம் நாள் காலையில் உடம்பு ஜில்லென்று இருக்கிறது. "அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அவசரப்படாதீர்கள்! வந்தது டெங்குவாக இருந்தால், ரத்த ஓட்டம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

வைரஸை எதிர்த்து நம் உடல் சுரக்கும் ரசாயனங்களும், வைரஸே வெளிவிடும் என்.எஸ்.1 புரதமும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைக் கசியவிடுகின்றன. காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள், சூடு இறங்கும் வேளையில், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம்.

பி.பி. பார்த்தால் தெரிந்துவிடாதா? அங்கேதான் ஏமாந்துபோகிறோம். உடல் ரத்தக்குழாய்களை இறுக்கி, மேல் எண் விழாமல் தாங்கிப் பிடிக்கும். கீழ் எண் மட்டும் ஏறும். 120/80 என்றால் இடைவெளி 40. அதுவே 100/80 என்று காட்டினால் இடைவெளி வெறும் 20. "நூறு இருக்கே, நார்மல்தானே?" என்று விட்டுவிடாதீர்கள். டெங்கு நோயாளிக்கு இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவு என்றால் அது ஷாக்கின், அதாவது ரத்த ஓட்டம் தடுமாறும் நிலையின், அடையாளம். மேல் எண்ணும் சரியும்வரை காத்திருந்தால் நிலைமை கைமீறிவிடும்.

வீட்டில் பி.பி. மெஷின் இல்லையா? விரல் நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானாலோ, கை கால் சில்லிட்டிருந்தாலோ ஆபத்து. விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், நிலைகொள்ளாத தவிப்பு, அசத்தும் தூக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிளேட்லெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்றொரு வரி இருக்கும். நேற்று 38, இன்று 46 என்றால் ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் சொன்ன அளவில். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரினோ, பி.பி. மாத்திரையோ வழக்கமாகச் சாப்பிடுபவர்கள் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பப்பாளி இலைச்சாற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்காணியுங்கள். பிள்ளை துவண்டால் விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.