லாங் ஐலண்டின் மூன்று செனட்டர்கள்

அமெரிக்காவில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்நாட்டு மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போட்டியிடுவோருக்குக் கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் உறுப்பினராவதற்கு அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும். மாநிலத்தில் ஐந்து ஆண்டுகளும், பொதுவாகத் தொகுதியில் ஓராண்டும் வசித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்து, பின்னாளில் குடியுரிமை பெற்றவர்களும் தாராளமாகப் போட்டியிடலாம். வெல்வதைவிட, வென்ற இடத்தைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடு.

அம்மாநில மேலவையான செனட்டில் 63 இடங்கள் உள்ளன. ஒரு தொகுதிக்குச் சராசரியாக 3,20,000 மக்கள். நம் ஊர் எம்.எல்.ஏ.வுக்குக் கிடைக்கும் ஐந்தாண்டு அவகாசம் அங்கே இல்லை. பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள்தான். முதலாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலுக்கான நிதி திரட்டல் தொடங்கிவிடும். ஒரே கட்சிக்குக் காலங்காலமாக வாக்களிக்கும் தொகுதிகளில் இது சடங்குதான். இரு கட்சிகளும் சமபலத்தில் இருக்கும் தொகுதியிலோ, உறுப்பினர் போடும் ஒவ்வொரு வாக்கையும் எதிர்த்தரப்பு குறித்து வைத்துக்கொள்ளும்.

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே உள்ள நாசா, சஃபோக் மாவட்டங்களைத்தான் அரசியலில் லாங் ஐலண்டு என்கிறார்கள். இங்கே ஒன்பது செனட் தொகுதிகள். ஒரு காலத்தில் ஒன்பதும் குடியரசுக் கட்சியின் வசம் இருந்தன. 2018 தேர்தலில் ஜனநாயகக் கட்சி அவற்றில் ஆறில் வென்று, செனட்டையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு இங்கிருந்து புதிதாக வென்றவர்களில் மூவர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

கேரள வம்சாவளியைச் சேர்ந்த கெவின் தாமஸ் துபாயில் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா வந்தவர், வழக்கறிஞர். 1989 முதல் செனட்டில் இருந்த கெம்ப் ஹானனைக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து, நியூயார்க் செனட்டின் முதல் இந்திய வம்சாவளி உறுப்பினரானார். ஆனா கேப்லன் ஈரானில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில் 13 வயதில் நாட்டைவிட்டு வந்து அடைக்கலம் பெற்றவர். மோனிகா மார்ட்டினெஸ் எல் சால்வடாரில் பிறந்து சிறுவயதில் குடியேறியவர். பள்ளிப் பணியிலிருந்து மாவட்ட அரசியலுக்கு வந்தவர்.

குடியேறியவர் என்பதால் குடியேற்றப் பிரச்சினைகளில் இவர்களின் நிலை முன்கூட்டியே தெரிந்ததுதான் என்று யாரேனும் நினைத்திருந்தால், 2019 ஜூன் மாதம் அது பொய்த்துப்போனது. ஆவணமின்றி வசிக்கும் குடியேறிகளும் ஓட்டுநர் உரிமம் பெற வழிசெய்யும் ‘கிரீன் லைட்’ மசோதா அப்போது செனட்டில் 33-29 என்ற கணக்கில் நிறைவேறியது. லாங் ஐலண்டின் ஆறு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும் சொந்தக் கட்சியின் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார்கள். தாமஸ், கேப்லன், மார்ட்டினெஸ் மூவரும் அவர்களில் அடக்கம். அந்தப் பகுதி வாக்காளர்களில் பெரும்பகுதியினர் சொந்த வீட்டுக்காரர்கள். சொத்து வரியும் பாதுகாப்பும்தான் அவர்களின் முதல் கவலை. சொத்து வரி உயர்வுக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்ற உச்சவரம்பை அதே ஆண்டில் நிரந்தரமாக்கியதை இந்த உறுப்பினர்கள் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொண்டார்கள். நிறுவனங்களிடம் உள்ள தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2019இல் வந்த ‘ஷீல்டு’ சட்டத்தை செனட்டில் கொண்டுவந்தவர் தாமஸ்.

அப்படியிருந்தும் 2020 தேர்தல் எளிதாக அமையவில்லை. பெரும்பாலான சிறு குற்றங்களுக்கும் வன்முறை சாராத குற்றங்களுக்கும் பண ஜாமீனை நீக்கும் சட்டம் அந்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. ‘குற்றவாளிகளைத் திறந்துவிட்டவர்கள்’ என்ற பிரசாரத்தைக் குடியரசுக் கட்சி வீடுவீடாகக் கொண்டுபோனது. மார்ட்டினெஸ் தோற்றார். தாமஸின் வெற்றி தபால் வாக்குகளை எண்ணிய பிறகே உறுதியானது. கொரோனா அச்சத்தால் அந்த ஆண்டு ஏராளமானோர் தபாலில் வாக்களித்திருந்தனர். நியூயார்க்கில் அந்த உறைகளைத் தேர்தல் முடிந்து ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் பிரிக்கத் தொடங்கினார்கள். கேப்லனும் வென்றார்.

2022இல் தொகுதிகளின் எல்லைகளே மாறின. சட்டமன்றம் வரைந்த செனட் வரைபடத்தை மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால், நீதிமன்றம் நியமித்த நிபுணர் புதிதாக வரைந்தார். அதே தேர்தலில், ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சி சார்பில் போட்டியிட்ட லாங் ஐலண்டுக்காரரான லீ செல்டின் குற்றப் பிரச்சினையை முன்வைத்து நாசா, சஃபோக் இரண்டிலும் முன்னிலை பெற்றார். அந்த அலையில் கேப்லன் ஜேக் மார்ட்டின்ஸிடம் தோற்றார். மறுவரையறை செய்யப்பட்ட தொகுதியில் தாமஸ் தப்பினார்; மார்ட்டினெஸோ வேறொரு புதிய தொகுதியில் நின்று செனட்டுக்குத் திரும்பினார். லாங் ஐலண்டின் ஒன்பது இடங்களில் ஜனநாயகக் கட்சிக்கு அப்போது மிஞ்சியவை இந்த இரண்டு மட்டுமே.

2024 தேர்தலுக்காகத் தாமஸ் நாடாளுமன்றப் போட்டியில் இறங்கி, பிறகு விலகிக்கொண்டார். செனட்டுக்கும் மீண்டும் நிற்கவில்லை. மார்ட்டினெஸ் மறுபடி வென்றார். இந்த மூவரின் பிறந்த நாடு தேர்தல் மேடையில் ஓர் அறிமுகமாகப் பயன்பட்டிருக்கலாம். ஆனால் பதவி நீடித்ததும் பறிபோனதும் வரி, ஜாமீன் சட்டம், தபால் வாக்கு, தொகுதி எல்லை ஆகியவற்றால்தான். 2018இல் ஒன்றாக நுழைந்த மூவரில் 2024 தேர்தலுக்குப் பிறகும் செனட்டில் இருந்தவர், இடையில் ஒருமுறை தோற்றுப்போன மார்ட்டினெஸ் ஒருவரே.