திரும்பிப் போக மறுத்த பண்ணையாள்

இடைக்காலத்து மனிதன் நம் காலத்தில் வந்து விழுந்தால் என்ன செய்வான்? காரைப் பார்த்துப் பேய் என்று ஆயுதத்தைத் தூக்குவான், கழிப்பறைத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுவான். 1993இல் ழான்-மரி புவாரே இயக்கிய 'லே விசித்தேர்' என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தில் இதெல்லாம் உண்டு. பிரான்சில் சுமார் ஒரு கோடியே 37 லட்சம் பேர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்த படம் அது. அந்த ஆண்டு அங்கே 'ஜுராசிக் பார்க்' கூட அதற்குப் பின்னால்தான் நின்றது. இத்தனை கூட்டத்தைக் கழிப்பறைச் சிரிப்பு மட்டும் கொண்டுவந்திருக்க முடியாது. காலப்பயணம் என்ற விளையாட்டுக்குள், ஆண்டைக்கும் அடிமைக்கும் நடுவே இத்தனை நூற்றாண்டுகளில் என்ன மாறியது என்ற கேள்வியை இந்தப் படம் வைத்திருக்கிறது. அதன் பலம் அங்கேதான் இருக்கிறது.

கதை 1123இல் தொடங்குகிறது. ழான் ரெனோ நடித்த பிரபு கோதஃப்ருவா, சூனியக்காரியின் மருந்தால் புத்தி மயங்கி, தான் மணக்கவிருந்தவளின் தந்தையையே கொன்றுவிடுகிறான். அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால் போய் நடந்ததைத் தடுக்க மந்திரவாதியை நாடுகிறான். கிழவர் கஷாயத்தில் முட்டை சேர்க்க மறந்ததால், பின்னால் போக வேண்டியவன் தன் வேலையாள் ஜாக்கூயோடு இருபதாம் நூற்றாண்டில் வந்து விழுகிறான். கோட்டை அப்படியே நிற்கிறது, ஆனால் ஆடம்பர ஹோட்டலாக. அதை நடத்தும் நாசூக்கான பணக்காரர் ஜாக்கார், ஜாக்கூயின் வம்சத்தில் வந்தவர். பிரபுவின் வம்சத்தில் வந்த பெண்ணோ பல் மருத்துவரை மணந்து சாதாரண வீட்டில் வாழ்கிறாள். நடுவே 1789இன் பிரெஞ்சுப் புரட்சி நடந்து முடிந்திருக்கிறது. அதை அறிந்ததும் பிரபுவுக்கு உலகமே இடிந்துபோகிறது. வேலையாளுக்கோ அப்போதுதான் உலகம் திறக்கிறது. சாப்பாட்டு மேசையில் மிச்சத்துக்குக் காத்திருந்தவன், இனி அந்தப் பிரபுவோடு ஊர் திரும்ப மாட்டேன் என்கிறான். கூட வந்த இருவரில் ஒருவனுக்கு மட்டுமே பழைய காலம் சொந்த ஊராக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிடாது.

அளவுக்கு மீறிப் பொருள் தேடுகிறோம், வெறும் கூச்சல் படம்தானே என்று கேட்கலாம். 2001இல் இதே இயக்குநரும், பிரபுவாகவும் வேலையாளாகவும் நடித்த இதே இரு நடிகர்களும் சிகாகோவில் 'ஜஸ்ட் விசிட்டிங்' என்று இதைத் திரும்ப எடுத்தார்கள். துர்நாற்றமும் தடுமாற்றமும் அங்கேயும் இருந்தன; படம் தோற்றது. தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் சிகாகோவில் பிரபு திரும்பி வந்து பார்க்கத் தன் கோட்டை இல்லை, அதைக் கைப்பற்றிய பண்ணையாள் வம்சமும் இல்லை. கூச்சல் மட்டுமே பலம் என்றால், அது கடல் கடந்தும் செல்லுபடியாகியிருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. கேமரா கோதஃப்ருவாவைக் காதலோடு பார்க்கிறது, முன்னேறிய ஜாக்காரைத்தான் கோமாளியாக்குகிறது. ஆக இது பழைய பிரபுக்களுக்கான ஏக்கப் படம் என்பது அது. முதல் பாதி உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவைக் கவனிக்க வேண்டும். ஜாக்கூய், ஜாக்கார் இருவரையும் கிறிஸ்தியான் கிளாவியே என்ற ஒரே நடிகர்தான் செய்திருக்கிறார். திரும்பும் நேரத்தில் ஜாக்கூய் தந்திரமாகத் தனக்குப் பதில் ஜாக்காரை அனுப்பிவிடுகிறான். பிரபுவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவனுக்கு வேலையாள் என்றால் ஒரு முகம், அவ்வளவே. உள்ளே இருப்பவன் யார் என்று பார்க்கும் பழக்கம் அவனுக்கு எந்நாளும் இருந்ததில்லை. ஹோட்டல் முதலாளி, தான் யார் என்று நிரூபிக்க எந்த வழியும் இல்லாமல், பன்னிரண்டாம் நூற்றாண்டின் சேற்றில் கண்விழிக்கிறார்.