கேள்வி சொன்னதும் சொல்லாததும்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 100 கேள்விகள் தமிழுக்கும் 75 பொது அறிவுக்கும் போக, மிச்சமிருக்கும் 25 கேள்விகள் திறனறிவுக்கும் மனக்கணக்குக்கும் உரியவை. சதவீதம், வட்டி, பரப்பளவு போன்ற பள்ளிக் கணக்குகளோடு புதிர், பகடை, எண் தொடர், படங்களை வைத்துக் கேட்கும் கேள்விகள் ஆகியவையும் இந்தப் பகுதியில் வருகின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் இவற்றை ‘ரீசனிங்’ என்பார்கள். மத்திய அரசுத் தேர்வுகளில் இதன் பங்கு இன்னும் பெரிது. முதல் கட்டத் தேர்வின் 100 கேள்விகளில் எஸ்எஸ்சி சிஜிஎல் 25-ஐ இதற்கு ஒதுக்குகிறது. ரயில்வே என்டிபிசி 30-ஐ. ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி பிஓ தேர்வு 35-ஐ.

2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வை 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். இவ்வளவு பேர் நெருக்கியடிக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியின் 1.5 மதிப்பெண்கூடத் தரவரிசையில் ஒருவரைப் பல படிகள் ஏற்றிவிடும், இறக்கியும் விடும். ரீசனிங் பகுதியில் ஓர் ஆறுதல் உண்டு. ஆண்டுகளையும் அரசர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விடைக்கு வேண்டியதெல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பல வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறப்பவரும் பட்டதாரியும் இங்கே ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

ஆனால் பலரும் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான். கேள்வி சொல்லாத ஒன்றைப் படிப்பவர் தாமாகச் சேர்த்துக்கொள்கிறார். ‘எல்லா மாம்பழங்களும் பூக்கள், சில பூக்கள் கற்கள்’ என்று கொடுத்துவிட்டு, ‘சில மாம்பழங்கள் கற்கள்’ என்ற முடிவு சரியா என்று கேட்பார்கள். மாம்பழம் எப்படிப் பூவாகும் என்று யோசிக்கத் தொடங்கினால் நேரம்தான் போகும். கொடுத்த கூற்று எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பூக்களுக்கு ஒரு பெரிய வட்டம், அதற்குள் மாம்பழத்துக்கு ஒரு சின்ன வட்டம் போடலாம். கற்களின் வட்டம் பூக்களின் வட்டத்தை எங்கேயாவது தொட வேண்டும். மாம்பழத்தைத் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அந்த முடிவு சரியல்ல. தொடவும் வாய்ப்பிருக்கிறது என்பது வேறு கேள்வி. வங்கித் தேர்வுகளில் அதையும் தனியாகக் கேட்பதுண்டு.

பகடைக் கேள்வியிலும் இதே பொறிதான். ஒரு பகடையை ஒரு கோணத்தில் பார்க்கும்போது 1, 2, 3 தெரிகின்றன. இன்னொரு கோணத்தில் 2, 3, 4. 1-க்கு எதிர்ப்பக்கம் என்ன? கடையில் வாங்கும் பகடையில் எதிரெதிர் பக்கங்களைக் கூட்டினால் 7 வரும் என்று தெரிந்தவர் யோசிக்காமல் 6 என்று குறித்துவிடுவார். ஆனால் 2, 3 என்ற இரண்டு பக்கங்களையும் ஒட்டி இருக்கக்கூடியவை இரண்டே பக்கங்கள். அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. எனவே விடை 4. இந்தப் பகடை கடைப் பகடை என்று கேள்வி சொல்லவே இல்லை.

உறவுமுறைக் கேள்விகளில் தமிழ் ஒரு பக்கம் கைகொடுக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் பிரித்துச் சொல்லும் உறவுகளை எல்லாம் ஆங்கிலம் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம் அதே தமிழ் குழப்பவும் செய்கிறது. அத்தை என்றால் அப்பாவின் சகோதரியாகவும் இருக்கலாம், மாமாவின் மனைவியாகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். அதனால் உறவின் பெயரை மனதில் ஓட்டுவதைவிட, ஆணுக்குக் கூட்டல் குறி, பெண்ணுக்குக் கழித்தல் குறி போட்டுத் தலைமுறைக்கு ஒரு வரிசையாகப் படம் வரைவது நல்லது. பெயரை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்யக் கூடாது.

வரிசைப் புதிர்களுக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்படுகிறது. ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கவிதா, முருகன், பாத்திமா, ஜான், செல்வி ஆகிய ஐவரும் வடக்கு நோக்கி ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஜானும் பாத்திமாவும் அருகருகே இல்லை. செல்வி ஓரத்தில் இல்லை. கவிதாவின் வலப்பக்கத்தில் அடுத்திருப்பவர் ஜான். பாத்திமா நடுவில் இருக்கிறார். இடது ஓரத்தில் யார்?

குறிப்புகளைக் கொடுத்த வரிசையிலேயே பிடித்துக்கொண்டு போனால் முதல் வரியிலேயே வண்டி நின்றுவிடும். உறுதியான குறிப்பு கடைசியில் இருக்கிறது: பாத்திமா மூன்றாம் இடம். கவிதா, ஜான் சோடி 1, 2-இல் உட்காரலாம் அல்லது 4, 5-இல் உட்காரலாம். இந்த இடத்தில் ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். செல்வி ஓரத்தில் இல்லாததால் முதல் வரியில் அவர் 4-ஆம் இடத்துக்கும், இரண்டாவதில் 2-ஆம் இடத்துக்கும் போகிறார். முருகனுக்கு மிஞ்சுவது ஓரம். இப்போது கைவிட்ட முதல் குறிப்புக்குத் திரும்பினால், முதல் வரியில் ஜான் பாத்திமாவை ஒட்டி இருக்கிறார். அந்த வரியை அடித்துவிடலாம். மிஞ்சுவது முருகன், செல்வி, பாத்திமா, கவிதா, ஜான். இடது ஓரத்தில் முருகன். ‘இல்லை’ என்று முடியும் குறிப்பு தொடக்கத்தில் எதற்கும் உதவாததுபோல் தோன்றும். கடைசியில் முடிச்சை அவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான்.

இதே ஐவரும் தெற்கு நோக்கி இருந்தால் இடமும் வலமும் தாளில் தலைகீழாகும். வட்ட மேசையில் நடுவைப் பார்த்து உட்கார்ந்தால் வலப்பக்கம் என்பது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை.

எண் தொடரும் எழுத்துக் குறியீடும் சீக்கிரம் கைவருபவை. 3, 5, 9, 17, 33 என்றால் வித்தியாசம் 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகிறது, அடுத்தது 65. ஆங்கில எழுத்துகளின் இடத்துக்கு இ, ஜே, ஓ, டி, ஒய் என்ற ஐந்தை 5, 10, 15, 20, 25 என்று நினைவில் வைத்தால் மற்றவற்றை விரலிலேயே எண்ணிவிடலாம்.

பயிற்சியில் எத்தனை கேள்வி போட்டோம் என்ற கணக்கு அவ்வளவாக உதவாது. தவறிய கேள்விகளுக்கென்று ஒரு நோட்டு வேண்டும். அதில் சரியான விடையை மட்டும் எழுதினால் போதாது. தவறிய காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும்: ‘“ஒரே மகன்” என்பதில் “ஒரே” என்ற சொல்லைக் கவனிக்கவில்லை’, ‘தெற்கு நோக்கி என்பதை மறந்தேன்’. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே பிழை நாலைந்து முறை திரும்பியிருப்பது கண்ணில் படும். நேரக் கணக்கை அதற்குப் பிறகு தொடங்கலாம். முதல் நாளிலிருந்தே கடிகாரத்தை வைத்து ஓடுகிறவர்கள் ஊகிக்கும் பழக்கத்தைத்தான் வளர்த்துக்கொள்கிறார்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களே சிறந்த பயிற்சிப் புத்தகம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் பயிற்சி இலவசம்.

தேர்வறையில் எதை விடுவது என்பது தேர்வைப் பொறுத்தது. குரூப் 4-இல் ஒரு கேள்விக்குச் சராசரியாக 54 விநாடி. சிஜிஎல் முதல் கட்டத்தில் 36 விநாடிதான். சிஜிஎல்லில் ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.50 மதிப்பெண் குறையும்; அங்கே பாதியில் நிற்கும் புதிரை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே சரி. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை. நான்கு விடைகளில் இரண்டை அடித்துவிட முடிந்தாலும், மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்துவிட்டு நகரலாம்.