சொந்த விமானம்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

கடைக்குச் சரக்கு ஏற்ற ஒரு வேன் வாங்கப் போகிறோம் என்றால், விலையை மட்டும் கேட்டுவிட்டு நாம் முன்பணம் கொடுப்பதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், டயர் எவ்வளவு நாள் தாங்கும், இன்சூரன்ஸ் என்ன ஆகும், எஃப்.சி.க்கு என்ன செலவாகும் என்றெல்லாம் மனக்கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். அப்படிப் பார்த்து வாங்கியும், இரண்டாம் ஆண்டில் எதிர்பாராத செலவு ஒன்று வந்து நிற்கத்தான் செய்கிறது. வேனுக்கே இப்படி என்றால், விமானத்துக்கு எப்படி இருக்கும்?

விமானம் என்றதும், அது கோடீஸ்வரர் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அமெரிக்காவில் பெரிய விமானக் கம்பெனிகளுக்கும் இராணுவத்துக்கும் சொந்தமில்லாத விமானங்கள் ஏறத்தாழ 2 இலட்சம் பறக்கின்றன. பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் மட்டும் ஏறத்தாழ 5,000. சிறு விமானம் வைத்திருப்பவர்களில் பண்ணையாளர்கள், டாக்டர்கள், சிறு தொழில் நடத்துவோர் எனப் பல தரப்பினரும் உண்டு. எல்லோரும் பெரும் பணக்காரர்கள் அல்லர். பணம் இருந்தும் விமானத்தை வைத்துக் காப்பாற்ற முடியாமல் விற்றவர்களும் உண்டு. அளவான வருமானத்தில் இருபது ஆண்டு ஒழுங்காக வைத்திருப்பவர்களும் உண்டு. இரு சாராரையும் பிரிப்பது பெரும்பாலும் கணக்குதான். அதனால்தான் இந்த விஷயம் நம் இதழில் இடம் பெறுகிறது.

எல்லோரும் அறிந்த ஒரு விமானம்

உதாரணத்துக்குச் செஸ்னா 172 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே என்ஜின், மேலே இறக்கை, ஓட்டுநர் உட்பட நான்கு பேர் உட்காரலாம். மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். மணிக்கு 30 முதல் 35 லிட்டர் வரை விமானப் பெட்ரோல் குடிக்கும். 1955-இல் முதன்முதலாகப் பறந்து, 1956-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறு எந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 1986-இல் செஸ்னா கம்பெனி இந்த விமானத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டது. விபத்து நடந்தால், விமானம் முப்பது ஆண்டு பழையதாக இருந்தாலும், செய்தவர் மீது நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம் என்ற நிலை அப்போது இருந்தது. வழக்குச் செலவும் இன்சூரன்ஸ் செலவும் ஏறி, சிறு விமானம் செய்வது கட்டுப்படியாகாமல் போயிற்று. 1994-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறு விமானங்களின் விபத்துக்குச் செய்த கம்பெனி மீது பெரும்பாலும் வழக்கிட முடியாது என்று வரம்பு கட்டியது. 1996-இல் உற்பத்தி மறுபடி தொடங்கியது.

இடையில் பத்து ஆண்டு வரத்து நின்றதாலும், அதற்கு முன்பே ஏராளமாக விற்றிருந்ததாலும், இன்றும் சந்தையில் கைமாறும் 172-களில் பெரும்பகுதி பழையவையே. புதிது வாங்கினால் 4 இலட்சம் டாலருக்கு மேல். 1970-களில் செய்த, நன்றாகப் பராமரித்த விமானம் அதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆக, சொந்த விமானம் என்றால் பெரும்பாலோருக்குக் கைமாறிய விமானம்தான். அதை வைத்திருப்பதுதான் யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

இரண்டு பத்தியில் எழுத வேண்டிய செலவு

விமானச் செலவை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும். ஒன்று, பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் நிலைச் செலவு: நிறுத்தி வைக்கும் கொட்டகை வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்தரச் சோதனை. நம் கடை வாடகையும் லைசென்ஸ் கட்டணமும் போல. மற்றது, பறக்கும் மணிக்கு மணி ஏறும் ஓட்டச் செலவு: பெட்ரோல், ஆயில், டயர், பிரேக்.

கணக்கு எளிதாக விளங்க, நிலைச் செலவு வருடத்துக்கு 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 100 மணி நேரம் பறப்பவருக்கு மணிக்கு 60 டாலர் விழும். ஆசையில் வாங்கிவிட்டு 30 மணி மட்டும் பறப்பவருக்கு மணிக்கு 200 டாலர். இருவருக்கும் விமானம் ஒன்றே, கொட்டகை ஒன்றே. குறைவாக ஓட்டினால் செலவு மிச்சம் என்பது இங்கே பொய்க்கணக்கு. திறக்காத கடைக்கும் வாடகை உண்டு அல்லவா?

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பத்தி

பலரைக் கவிழ்ப்பது இந்த இரண்டும் அல்ல. எவரும் பில் அனுப்பாத மூன்றாவது செலவுதான். விமான என்ஜினை ஒரு குறிப்பிட்ட ஓட்டத்துக்குப் பிறகு முழுவதும் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றிச் சேர்க்க வேண்டும். நம் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' என்பார்களே, அதேதான். 172-இல் பலகாலம் வந்த லைகாமிங் என்ஜின்களில் பலவற்றுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது என்று தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரைச் சட்டம் இதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் மேலும் ஓட்டலாம். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் அந்தச் செலவு வந்தே தீரும்.

அந்தச் செலவு 30,000 டாலர் என்று வைத்தால், ஒவ்வொரு மணி நேரப் பறத்தலிலும் 15 டாலர் என்ஜின் தேய்கிறது. விவரமானவர்கள் பறந்து இறங்கிய அன்றே அந்த 15 டாலரைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். போடாதவர், தாம் சிக்கனமாகப் பறப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் முதலைத் தின்றுகொண்டிருப்பார். கடைசியில் ஒரே பில்லாக 30,000 வரும்போது விமானத்தை அரை விலைக்குத் தள்ளிவிட நேரும்.

வாங்கும்போதும் இதே கணக்கு உதவும். ஒரே வயதுள்ள இரண்டு விமானங்கள். ஒன்றின் என்ஜின் ஓவராயிலுக்குப் பின் 200 மணி ஓடியது. மற்றதன் என்ஜின் 1,900 மணி ஓடியது; விலை 15,000 டாலர் குறைவு. மலிவு என்று பாய்ந்தால் தீர்ந்தது. 1,700 மணி நேரத் தேய்மானம், மணிக்கு 15 வீதம் 25,500 டாலர். மலிவாகத் தெரிந்தது 10,500 டாலர் அதிக விலை!

பேரேடு இல்லாத விமானம்

விமானத்தின் உடலுக்கும் என்ஜினுக்கும் விசிறிக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. செய்த நாள் முதல் எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, யார் சோதித்தார், எத்தனை மணி ஓடியது என்று தேதியிட்டு, கையெழுத்திட்டு வைத்திருப்பார்கள். அமெரிக்க விதிப்படி 12 மாதத்துக்கு ஒரு முறை, அதற்கென அதிகாரம் பெற்ற மெக்கானிக் விமானத்தை முழுமையாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் பறக்கக் கூடாது. வாடகைக்கு ஆள் ஏற்றும் விமானமானால் 100 மணிக்கு ஒரு முறையும் சோதனை உண்டு. ஒரு வகை விமானத்தில் பொதுவான குறை தெரியவந்தால் அரசு ஆணை பிறப்பிக்கும். அதை நிறைவேற்றியதும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பதிவேடு தொலைந்த விமானத்துக்கு, இரும்பும் அலுமினியமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விலை இறங்கிவிடும். கணக்குப் புத்தகம் காட்ட முடியாத கடையை நல்ல விலைக்கு யார் வாங்குவார்?

வாங்குமுன் சோதிக்கும் மெக்கானிக் நம் ஆளாக இருக்க வேண்டும். விற்பவரின் வழக்கமான ஆளாக இருக்கக் கூடாது என்பது அங்கே பாலபாடம். அவர் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பார், உள்ளே சிறு கேமரா விட்டுப் பார்ப்பார், ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார், இறக்கை மூட்டுகளில் அரிப்பு உண்டா என்று தேடுவார். இந்தச் சோதனைக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பவர் அதைப் போல இருபது மடங்கு பிறகு கொடுக்க நேரலாம்.

ஓடும் என்ஜினும் நிற்கும் என்ஜினும்

1958 டிசம்பர் 4-ஆம் தேதி, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு 172 கிளம்பியது. ஹசியெண்டா என்ற ஓட்டலின் விளம்பரத்துக்காக ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் இறங்காமல் பறந்தார்கள். சாலையில் ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியே பெட்ரோலும், கயிறு வழியே சாப்பாடும் ஏற்றிக்கொண்டார்கள். பறந்தபடியே ஆயில் மாற்றினார்கள். 1959 பிப்ரவரி 7 அன்று இறங்கியபோது 64 நாள் 22 மணி கடந்திருந்தது. அதாவது 1,500 மணிக்கு மேல் என்ஜின் நிற்கவே இல்லை. உள்ளே கரி படிந்து சக்தி குறைந்த பிறகே இறங்கினார்கள். அந்த விமானம் இன்று லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் தொங்குகிறது.

1,500 மணி ஓடித் தாங்குகிற என்ஜின், ஆறு மாதம் சும்மா நின்றால் கெட்டுவிடலாம். காரணம் எளிது. லைகாமிங் என்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேல் பக்கம் இருக்கிறது. என்ஜின் நின்றால் அதன் மேலிருந்த ஆயில் மெல்ல வடிந்துவிடும். காற்றின் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். அடுத்த முறை கிளப்பும்போது துருப்பிடித்த இடம் உராய்ந்து, துகள் உதிர்ந்து, என்ஜினையே பிரிக்க வேண்டி வரும். கொட்டகையில் நின்றபடி பத்து நிமிடம் ஓட்டுவதும் பயன் தராது. சூடு போதாமல், உள்ளே உண்டாகும் நீர் ஆவியாக வெளியேறாது. நன்றாகச் சூடேறும்படி மாதம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் பறக்க வேண்டும்; அடிக்கடி பறந்தால் இன்னும் நல்லது.

பொறுப்பு யாருடையது?

ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்வது, டயர், பாட்டரி, விளக்கு மாற்றுவது போன்ற சில வேலைகளைப் பைலட் லைசென்ஸ் உள்ள உரிமையாளரே செய்யலாம். செய்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வருடாந்தரச் சோதனையின்போது மெக்கானிக்கின் கண்காணிப்பில் மூடிகளைக் கழற்றிப் பூட்டி உதவும் உரிமையாளர்கள் பலர். கூலியும் மிச்சம், தம் விமானத்தின் உள்ளும் புறமும் அவர்களுக்கு அத்துப்படி ஆகிறது.

ஆனால் அமெரிக்க விதி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: விமானம் பறக்கத் தக்க நிலையில் இருப்பதற்கு முதல் பொறுப்பு உரிமையாளருடையது அல்லது இயக்குபவருடையது. மெக்கானிக் பார்த்தார் என்று சொல்லித் தப்ப முடியாது. கெட்ட சரக்கு விற்றதற்குக் கடைப்பையனைக் கைகாட்ட முடியாதது போலத்தான். அதனால் ஒவ்வொரு முறை கிளம்புமுன்னும் டாங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியில் நிற்கும் விமானமானால் என்ஜின் மூடிக்குள் பறவை கூடு கட்டியிருக்கிறதா, வேகம் அளக்கும் குழாயைப் பூச்சி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேன் நின்றால் சாலை ஓரம் ஒதுக்கலாம். வானத்தில் ஓரம் கிடையாது. பணம் இல்லை என்று தள்ளிப்போட்ட பழுது, உடன் வரும் மனைவி மக்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

கூட்டு

இத்தனையையும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. மூவர் சேர்ந்து ஒரு விமானம் வாங்குவது அங்கே சகஜம். நிலைச் செலவு 6,000 டாலர், ஆளுக்கு 2,000 ஆகிவிடும். ஆளுக்கு 40 மணி பறந்தால் மொத்தம் 120 மணி. என்ஜினும் துருப்பிடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நட்பை நம்பி வாய்ப்பேச்சில் முடிக்கக் கூடாது. விடுமுறை நாளில் யாருக்கு முறை, தேய்மானக் கணக்கில் யார் எவ்வளவு போட வேண்டும், ஒருவர் விலகினால் அவர் பங்கை என்ன விலைக்கு யார் எடுப்பது, சேதம் ஏற்பட்டால் யார் கொடுப்பது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூட்டு வியாபாரம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வருடத்துக்கு முப்பது மணிதான் பறப்போம் என்று தெரிந்தவர், சொந்தமாக வாங்காமல் கிளப்பில் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

நம் வணிகர்களில் எத்தனை பேர் விமானம் வாங்கப் போகிறோம் என்று கேட்கலாம். ஆனால் நம் கடையில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, மாவு அரைக்கும் இயந்திரம் இருக்கிறது, வேன் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஓடும் ஒவ்வொரு மணியிலும் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தை ஆடிட்டர் வருடக் கடைசியில் ஏட்டில் எழுதுகிறார். பணமாக எடுத்து வைக்கிறவர் எத்தனை பேர்? கல்லாவில் மிஞ்சுவதெல்லாம் இலாபம் என்று எண்ணி எடுத்துச் செலவழித்துவிட்டு, ஃப்ரீசர் கம்ப்ரெசர் போன அன்று வட்டிக்கு வாங்க ஓடுகிறோம்.

கடையில் உள்ள இயந்திரங்களை இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள். எதிரில் மாற்றுச் செலவையும், இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் எழுதி வகுத்துப் பாருங்கள். வரும் தொகையை மாதா மாதம் தனிப் பாஸ் புத்தகத்தில் போடுங்கள். அது இலாபம் குறைவதல்ல. உண்மையான இலாபம் எவ்வளவு என்று அன்றுதான் தெரியவரும்.