தூக்கத்துக்கும் பட்டம் பார்க்கணும்

போன புரட்டாசியில் ஒரு காலை. அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நொடி கண் சொக்கியது. வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி, சீமைக்கருவேல முள்ளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. அப்பா கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி எத்தன மணிக்குப்பா படுத்த?"

ரெண்டு மணி. ஆபீஸ் வேலை பத்தரைக்கே முடிஞ்சிருச்சு. மீதி மூன்றரை மணி நேரம் போனில் என்ன பார்த்தேன் என்பதுகூட ஞாபகமில்லை.

இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2014-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோர் குரூஸே குழுவினர் இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லாதபோதும், நாமே நினைத்த நேரத்துக்குப் படுக்கப் போகாமல் தள்ளிப்போடுவது. படுத்தும் தூக்கம் வராமல் புரளுவது வேறு. நைட் ஷிஃப்டுக்கு மில்லுக்குப் போகிறவர் கதையும் வேறு.

"நாளையிலிருந்து பத்தரைக்குப் படுக்கணும்" என்று நானும் பலமுறை முடிவெடுத்தவன்தான். அது ஏன் நிற்கவில்லை? எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அது வெறும் தேவைப் பட்டியல். கோடு எழுதவே இல்லை. எது நடந்தால் எது ஓடணும் என்று சொல்லாவிட்டால் புரோகிராம் சும்மாதான் கிடக்கும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்வது கிட்டத்தட்ட இதுதான். 'இன்னது நடந்தால், இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைப்பது. 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த எளிய திட்டம் இலக்கை எட்ட நன்றாகவே உதவுவது தெரிந்தது.

எங்க ஊர் மானாவாரி விவசாயிக்கு இது புதுசே இல்லை. மழை விழுந்த அன்னைக்கு உட்கார்ந்து 'விதைக்கலாமா, வேண்டாமா' என்று யோசிக்க மாட்டார். உழுது, விதை எடுத்துவைத்து, எல்லாம் முன்னாடியே முடிவாகியிருக்கும். ஈரம் கண்டால் விதைப்பு. அவ்வளவுதான்.

ஆனால் திட்டத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அது காப்ரியேல் ஓட்டிங்கன் சொன்னது: ஆசை, அது நிறைவேறினால் கிடைக்கும் நல்லது, நமக்குள்ளேயே இருக்கும் தடை, பிறகுதான் திட்டம். இந்த நாலையும் அந்த வரிசையில் மனசில் ஓட்டிப் பார்க்கணும். 2020-ல் இவர்கள் டிமத்தி வால்ஷ்டைனுடன் சேர்ந்து படுக்கை நேரத்துக்கே இதைச் சோதித்தார்கள். தள்ளிப்போடுவது குறைந்தது.

என் தடை போன் என்றே நினைத்திருந்தேன். நிதானமாக யோசித்தால் அது இல்லை. 'பகல் பூரா ஆபீசுக்குக் கொடுத்தாச்சு, இந்த நேரமாச்சும் எனக்குன்னு இருக்கட்டும்' என்ற எண்ணம்தான். அதனால் திட்டத்தை இப்படி எழுதினேன்: "லேப்டாப்பை மூடினால், போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் பத்து நிமிஷம் காத்தாட நிற்பேன். இறங்கினால் நேரே படுக்கை." எனக்கான நேரமும் கிடைத்தது. கடிகாரத்தை நம்பாமல் லேப்டாப்பை நம்பியதால், கால் நீண்ட நாளிலும் திட்டம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபடி ஒரு மணி. காரணம் பிறகுதான் புரிந்தது: அன்னைக்கு லேப்டாப்பைத் திறப்பதே இல்லை, அப்புறம் எங்கே மூடுவது? இப்போது ஞாயிறுக்கு வேற அடையாளம்: அம்மா வாசல் லைட்டை அணைத்தால்.

உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் அந்த ஒன்று எது என்று முதலில் பாருங்கள். திட்டத்தை அதில் கட்டுங்கள்.