பிரவுசர் போடும் தடை யாருக்காக?

வங்கிக் கணக்கில் நுழைந்த நிலையில், பிரவுசரின் இன்னொரு டேபில் முன்பின் அறியாத ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தத் தளத்தின் நிரல் வங்கி சர்வரிடம் ஏதாவது கேட்டால், உங்களை அடையாளம் காட்டும் குக்கீயும் கூடவே போகக்கூடும். கேட்பது நீங்கள்தான் என்று நம்பி சர்வரும் பதில் தரும். அந்தப் பதிலை அயல் தளம் படிக்கவிடாமல் பிரவுசர் மறிக்கிறது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் காலத்தில் பிறந்த விதி இது.

பிரவுசர் மறிக்கும் அதே முகவரியைக் கட்டளை வரியிலிருந்து கேட்டால் பதில் வருகிறதே, பிறகு தடை எதற்கு என்று நிரலாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கட்டளை வரியில் பயனரின் குக்கீ இல்லை. தடை காப்பது சர்வரை அல்ல, பயனரை. ஆகவே இந்தத் தடையால் வரும் பிழைச்செய்தியைக் கண்டதும் கேட்கும் தளங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிப்பது, பயனரைக் காட்டிக்கொடுப்பதாகவே முடியும். 2014இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையான கார்ஸ் (CORS) என்ற முறையில், சர்வர் தான் நம்பும் தளத்தைப் பதிலின் ஹெடரில் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம். தகவல் தரும் சர்வர் நம் கையில் இல்லையென்றால், நம் சொந்த சர்வர் மூலம் தகவலை வாங்கித் தரலாம். பிரவுசரிலுள்ள, தகவல் தரும் சர்வருக்கான குக்கீ அந்த வழியில் போகாது.