பழைய இசைத்தட்டு, புதிய சிடி: எதிலிருந்து எடுத்தார்கள்?

பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இவர்களில் ஒரு சாரார் குறி வைப்பது, 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த சைக்கடெலிக் மற்றும் பரிசோதனை இசைத்தட்டுகளை. டேப்பைத் தலைகீழாக ஓட்டுவது, எதிரொலியை அடுக்குவது, எலக்ட்ரானிக் கருவிகளை உறும விடுவது என அன்று பலருக்கும் புதிதாக இருந்த ஒலிகள் இவற்றில் உண்டு. பல தட்டுகள் அப்போது அதிகம் விற்கவில்லை. அதனால் இன்று அசல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. எனவே பெரும்பாலானோர் வாங்குவது மறுவெளியீட்டைத்தான்.

அந்த மறுவெளியீடு எதிலிருந்து எடுக்கப்பட்டது? அட்டையில் "டிஜிட்டல் ரீமாஸ்டர்டு" என்று போட்டிருப்பார்கள். அது பதில் ஆகாது. ஓரளவு பதிலை உங்கள் கம்ப்யூட்டரே தரும்.

முதலில் ஒரு உதாரணம். நியூயார்க்கைச் சேர்ந்த "சில்வர் ஆப்பிள்ஸ்" குழுவில் இருந்தவர்கள் இரண்டே பேர். டானி டெய்லர் டிரம்ஸ் வாசித்தார். சிமியோன் காக்ஸ், கிடாருக்குப் பதிலாக ஆடியோ ஆசிலேட்டர்களை அடுக்கி வைத்துக் கொண்டு கை, முழங்கை, கால் எல்லாவற்றாலும் இயக்கினார். எலக்ட்ரானிக்ஸ் லேபில் சிக்னல் கொடுக்க வைத்திருப்போமே, அதே கருவிதான். (எங்கள் கல்லூரியில் அதை வைத்து சைன் வேவ் பார்த்ததோடு சரி.) முதல் ஆல்பம் 1968ல் கேப் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் வெளியானது. 1969ல் வந்த "கான்டாக்ட்" ஆல்பத்தின் முன் அட்டையில் இருவரும் பான் ஆம் விமானத்தின் காக்பிட்டில் அமர்ந்திருக்க, பின் அட்டையில் ஒரு விமான விபத்துக் காட்சி. பான் ஆம் சும்மா இருக்குமா? வழக்குப் போட்டது. குழு கலைந்தது. மூன்றாவது ஆல்பம் வெளிவரவே இல்லை.

1990களில் ஜெர்மனியில் இவர்களின் இசை, அனுமதி ஏதுமின்றி சிடியாக வந்தது. இசையமைத்தவர்களுக்குப் பணம் எதுவும் போகவில்லை. ஆனால் புதிய ரசிகர்கள் உருவானார்கள். சிமியோன் 1996ல் மீண்டும் மேடை ஏறினார். 1997ல் எம்.சி.ஏ. நிறுவனம் இரு ஆல்பங்களையும் முறைப்படி ஒரே சிடியில் வெளியிட்டது. டெய்லர் பத்திரமாக வைத்திருந்த டேப்கள் மூலம், "தி கார்டன்" என்ற மூன்றாவது ஆல்பமும் 1998ல் வெளிச்சத்திற்கு வந்தது. டெய்லர் 2005லும் சிமியோன் 2020லும் காலமானார்கள்.

ஆக, ஒரே இசை பல வழிகளில் உங்களிடம் வரலாம். மாஸ்டர் டேப்பிலிருந்து வரலாம். தேய்ந்த தட்டை ஓட்டிப் பதிவு செய்ததாக இருக்கலாம். மோசமான நிலையில், யாரோ சுருக்கிய எம்பி3 பைலையே சிடியாகவோ புதிய தட்டாகவோ போட்டிருக்கலாம். இந்த மூன்றாவதைக் கண்டுபிடிப்பது எளிது.

சிடியில் உள்ள பாடலை வேவ் பைலாக கம்ப்யூட்டரில் காப்பி செய்திடவும். விண்டோஸ் மீடியா பிளேயரில் ரிப் செட்டிங்ஸ் சென்று, பார்மட் என்பதில் வேவ் (லாஸ்லெஸ்) தேர்ந்தெடுத்தால் போதும். எம்பி3 ஆக எடுத்தால் சோதனையே பொருளற்றுப் போகும். புதிய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை; யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் தேவைப்படும். பின்னர் ஆடாசிட்டி என்னும் இலவச புரோகிராமில் அந்த பைலைத் திறக்கவும். டிராக்கின் பெயர் அருகே கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். அதன் செட்டிங்ஸில் ஸ்கேல் லீனியர் எனவும், அதிகபட்ச அதிர்வெண் 22,000 எனவும் அமைக்கவும்.

இப்போது ஒலி, வண்ணப் படமாகத் தெரியும். கீழே தாழ்ந்த ஒலிகள். மேலே செல்லச் செல்ல கீச்சொலிகள். சிடியில் 22,050 ஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. டேப்பிலிருந்து எடுத்த பழைய பதிவில், இசை மேலே மங்கினாலும் டேப்பின் "ஸ்ஸ்" இரைச்சல் மெல்லிய தூசி போல உயரே வரை பரவியிருக்கும். 128 கிலோபிட்டில் சுருக்கிய எம்பி3 என்றால், சுமார் 16,000 ஹெர்ட்ஸில் படம் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். அண்மையில் நான் வாங்கிய ஒரு "அரிய" மறுவெளியீட்டில் இந்தக் கோடு ஸ்கேல் வைத்து வரைந்தது போல இருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

படத்தில் உச்சி முதல் அடி வரை மெல்லிய செங்குத்துக் கோடுகள் ஆங்காங்கே தெரிந்தால், பெரும்பாலும் அவை இசைத்தட்டின் கீறல், தூசிச் சத்தங்கள். அதாவது மூலம் டேப் அல்ல, தட்டு. இதை உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. மாஸ்டர் டேப் அழிந்திருந்தால் நல்ல தட்டு ஒன்றுதான் வழி. 2008 ஜூன் 1ல் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் தீப்பிடித்து, யுனிவர்சல் மியூசிக்கின் மாஸ்டர் டேப்கள் ஏராளமாக எரிந்தன. 2019ல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகே இது பரவலாகத் தெரிய வந்தது. தட்டிலிருந்து எடுத்ததை அட்டையில் சொல்லிவிட்டு விற்பவர்களிடம் நான் தாராளமாக வாங்குவேன்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. 320 கிலோபிட் எம்பி3 ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை செல்வதால் எளிதில் பிடிபடாது. இசைக் கலைஞருக்குப் பணம் போனதா என்பதும் படத்தில் தெரியாது. அதற்கு அட்டையின் பின்புறம் யாரிடம் லைசென்ஸ் பெற்றார்கள் என்று பாருங்கள். உரிமையாளர் பெயரும் வெளியீட்டாளர் முகவரியும் இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் உள்ள இசைத்தட்டுகளையும் இதே ஆடாசிட்டியில் பதிவு செய்யலாம். டர்ன்டேபிளை நேராக மைக் துளையில் செருக வேண்டாம். தட்டில் பதியும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டியிருப்பார்கள். அதைச் சரி செய்ய போனோ பிரீஆம்ப் நடுவில் தேவை. அதை லைன் இன் துளையில் இணைக்கவும். லைன் இன் இல்லாத லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் வாங்க வேண்டும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்திற்கு சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். 40 நிமிடத் தட்டு என்றால் 400 எம்.பி. இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடுவதற்கு முன், பதிவான பைலை அப்படியே வேறு போல்டரில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடவும்.